இயற்கை ஊற்றுநீரை வீட்டுக்குக் கொண்டுவருதல்: தேடுவது முதல் குழாய் வரை முழுமையான வழிகாட்டி

ஊற்றிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் எடுக்க நினைப்பவர் ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், பாதி வேலை சரியாகிவிடும். ஊற்று எந்த மட்டத்தில் வருகிறதோ அந்த மட்டத்திலேயே, எவ்வளவு வருகிறதோ அவ்வளவையே வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னும் கொஞ்சம் கிடைக்காதா என்று அடியைத் தோண்டினாலும், சுவர் வைத்து நீரை உயர்த்தினாலும், அது மண்ணுக்குள் வேறு வழி பிடித்துப் போய்விடும். கீழே சொல்லியிருக்கும் படிகள் பெரும்பாலும் இந்த விதியிலிருந்து பிறந்தவைதான்.

இன்னொன்று, அவசரம் கூடாது. ஊற்றைப் பார்த்த நாளுக்கும் கட்டுமானம் தொடங்கும் நாளுக்கும் இடையில் ஒரு முழு ஆண்டு இருக்கட்டும். மழைக்காலத்தில் குபுகுபுவென்று வரும் ஊற்றை நம்பிக் குழாய் பதித்துவிட்டு, கோடையில் காய்ந்த தொட்டியைப் பார்த்து நிற்பதைவிட அந்த ஓராண்டுக் காத்திருப்பு எவ்வளவோ மேல்.

ஊற்று எங்கே, ஏன் வருகிறது

மழைநீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. களிமண் அடுக்கோ விரிசல் இல்லாத பாறையோ குறுக்கே வரும்வரை அது கீழே போய்க்கொண்டே இருக்கும். தடை வந்ததும் அதன் முதுகின் மேல் பக்கவாட்டில், சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நகரத் தொடங்கும். அந்தத் தடை அடுக்கு மலைச்சரிவில் வெளியே தலைகாட்டும் இடத்தில் நீரும் வெளியே வரும். வீட்டுத் தேவைக்குப் பயன்படுத்தும் ஊற்றுகளில் இந்த வகைதான் கட்டுவதற்கு எளிது. அடியில் இறுகிய தளம் இருக்கிறது, நீர் ஒரே வரிசையில் வருகிறது.

பாறை விரிசலிலிருந்து ஒரே கண்ணாகப் பீறிடும் ஊற்று இன்னும் வசதியானது. தட்டையான நிலத்தில் பரவலாகக் கசியும் ஊற்றில் வேலை அதிகம், மாசு சேரும் வாய்ப்பும் அதிகம். மேலும் கீழும் நீர் புகாத அடுக்குகளுக்கு நடுவே அடைபட்ட நீர் அழுத்தத்தோடு மேலே எழும் ஊற்றும் உண்டு. அது ஆண்டு முழுவதும் அதிகம் ஏறி இறங்காமல் வரும். சுண்ணாம்புக்கல் பகுதி ஊற்றுகளிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே நீர் மண்ணில் வடிகட்டப்படாமல் குகை போன்ற வழிகளில் ஓடிவருவதால், எங்கோ தொலைவில் விழுந்த சாணம்கூட ஓரிரு நாளில் உங்கள் குழாய்க்கு வந்துவிடலாம்.

மணலுக்குள் நீர் நகரும் அளவு, இரு முனைகளின் உயர வித்தியாசத்தையும் கடக்கும் தூரத்தையும் மணலின் தன்மையையும் பொறுத்தது என்பதை பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி டார்சி 1856இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1840இல், ரோசுவார் ஊற்றின் நீரைச் சுமார் 12.7 கி.மீ. தூரம் மூடிய கால்வாய் வழியாக, புவியீர்ப்பின் பலத்தாலேயே திஜோன் நகரத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். ஒரு நகரத்துக்கே சரிவு போதுமாக இருந்தது. ஒரு வீட்டுக்குப் போதாமல் போகாது.

தேடும் முறை

கோடையின் கடைசி வாரங்களில் தேடுங்கள். மழைக்காலத்தில் எல்லா இடமும் ஈரம். எது ஊற்று, எது வெறும் வடிகால் என்று பிரித்தறிய முடியாது. சுற்றிலும் புல் காய்ந்திருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் பச்சை நிற்கிறதா என்று பாருங்கள். கோரை, பெரணி, பாசி ஆகியவை அடர்ந்திருந்தால் அங்கே நீர் மேலாக இருக்கிறது. அதிகாலையில் விலங்குகளின் தடம் ஒரே பள்ளத்தை நோக்கிப் போகிறதா என்பதும் நல்ல தடயம்.

ஓர் ஈரமான இடம் கிடைத்ததும் அதே உயரத்தில் சரிவோடு இடமும் வலமுமாக நடந்து பாருங்கள். தடை அடுக்கு சரிவின் குறுக்கே நீண்டு கிடப்பதால், பல ஊற்றுகள் ஏறக்குறைய ஒரே மட்டக்கோட்டில் அமைந்திருக்கும். முதலில் கண்ணில் பட்ட கசிவைவிட நூறு அடி தள்ளி நல்ல கண் ஒன்று இருக்கலாம். சிற்றோடை இருந்தால் அதன் கரையோடு மேலே ஏறுங்கள். நீர் முதன்முதலில் தரையிலிருந்து எழும் இடம்தான் தேவை.

தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். நிலத்தடியில் நீண்ட காலம் இருந்து வரும் நீரின் வெப்பநிலை பகலிலும் இரவிலும், கோடையிலும் குளிரிலும் பெரிதாக மாறாது. அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். வெயிலோடு சேர்ந்து நீரும் சூடாகிறது என்றால், மேற்பரப்பு நீர் கொஞ்ச தூரம் மண்ணுக்குள் மறைந்து ஓடி மீண்டும் வெளிவருகிறது என்று சந்தேகப்படலாம். மேலே எங்கேனும் ஓடை மண்ணுக்குள் மறைகிறதா, கசியும் வாய்க்காலோ குட்டையோ இருக்கிறதா என்று நடந்து பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் நீங்கள் பார்த்தது ஊற்று ஆகாது, வடிகட்டப்படாத ஓடைநீர்.

குச்சி பிடித்து நீரோட்டம் பார்க்க ஆள் கூட்டிவர வேண்டிய தேவை ஊற்று விஷயத்தில் இல்லை. ஊற்று தானாக வெளியே வந்து நிற்கிறது. அதைப் பார்க்கப் பொறுமையும் நல்ல செருப்பும் போதும்.

கிடைத்த கண் வீட்டைவிட உயரத்தில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கண்ணளவு இதில் நிறையவே ஏமாற்றும். தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் ட்யூப்பை வைத்து, கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதுபோலப் படிப்படியாக இறங்கி வந்து உயரத்தைக் கூட்டுங்கள். மெதுவான வேலைதான், ஆனால் மலிவானது, பிழையும் குறைவு.

எவ்வளவு வருகிறது என்று அளப்பது

ஊற்றுக்குக் கொஞ்சம் கீழே களிமண்ணால் சிறு வரப்பு கட்டி, அதில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி, எல்லா நீரும் அதன் வழியாக விழும்படி செய்யுங்கள். ஓரத்தில் கசிவு நின்றபின் அளவு தெரிந்த வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். மூன்று முறை பிடித்துச் சராசரி எடுங்கள். 10 லிட்டர் வாளி 40 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர், அதாவது நாளுக்கு 21,600 லிட்டர். அளந்து முடித்ததும் வரப்பை எடுத்துவிடுங்கள். தற்காலிகமாகக்கூட நீரைத் தேக்கி வைத்திருப்பது நல்லதல்ல.

வாளியில் பிடிக்க முடியாத அளவுக்கு வந்தால், ஒரு பலகையில் 90 பாகை கோணத்தில் 'வி' வடிவ வெட்டு போட்டு ஓடைக்குக் குறுக்கே நிறுத்துங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைப் பலகையிலிருந்து சற்றுத் தள்ளி, மேல்பக்கத்தில் அளக்க வேண்டும். 5 செ.மீ. நின்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 46 லிட்டர், 10 செ.மீ. நின்றால் ஏறக்குறைய 260 லிட்டர். உயரம் இரட்டிப்பானால் நீரின் அளவு ஐந்தரை மடங்குக்கு மேல் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். அளவுகோலை ஒரு மில்லிமீட்டர் தவறாகப் பார்த்தாலும் கணக்கு மாறும்.

மாதம் ஒருமுறையும், பெருமழைக்கு மறுநாளும், கோடைக் கடைசியில் வாரம் ஒருமுறையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். தேதி, வாளி நிரம்பிய நேரம், நீரின் நிறம், கடைசியாக மழை பெய்த நாள் ஆகிய நான்கும் போதும். இந்த நோட்டில் உள்ள மிகக் குறைந்த எண்தான் உங்கள் ஊற்றின் உண்மையான அளவு. சராசரியை வைத்துத் திட்டமிடாதீர்கள்.

தேவை எவ்வளவு? ஐந்து பேருள்ள வீட்டில் ஆளுக்கு நாளுக்கு 100 லிட்டர் என்று தாராளமாக வைத்தாலும் 500 லிட்டர்தான். நிமிடத்துக்கு 2 லிட்டர் மட்டும் வரும் மெலிந்த ஊற்றுகூட நாளுக்கு 2,880 லிட்டர் தருகிறது. இரவெல்லாம் வருவதைச் சேமிக்கத் தொட்டி இருந்தால் அது வீட்டுக்குப் போதும், கொஞ்சம் கால்நடைக்கும் தோட்டத்துக்கும் மிஞ்சும். கறவை மாடு ஒன்றுக்கே நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் தேவைப்படலாம் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஊற்று என்று யாரும் கைவிட வேண்டாம். அளந்து பார்த்தபின் முடிவெடுங்கள்.

தெளிவாக இருப்பது வேறு, சுத்தமாக இருப்பது வேறு

கண்ணாடிபோல் இருக்கும் நீரில் கிருமி இருக்கலாம், நைட்ரேட்டும் இருக்கலாம். எனவே பரிசோதனை கட்டாயம். கோடைக் கடைசியில் ஒருமுறை, முதல் பெருமழைக்குப் பின் ஒருமுறை என்று இரண்டு மாதிரிகள் எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள். ஒரே மாதிரி போதும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் நீர் நன்றாக இருக்கும் காலத்தில்தான் எடுக்கிறார்கள். மாசு வருவதோ மழையோடு.

100 மி.லி. நீரில் ஈ.கோலி என்ற குடல் பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது இருந்தால் மனித அல்லது விலங்குக் கழிவு எங்கோ கலக்கிறது. நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மி.கி.; புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இதுவே முக்கியமான ஆபத்து. ஃப்ளோரைடுக்கு 1.5 மி.கி., ஆர்செனிக்குக்கு 0.01 மி.கி. இவை மூன்றும் கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாவதால் செறிவு சற்று கூடத்தான் செய்யும். இவற்றில் ஒன்று அதிகமென்று தெரிந்தால் அந்த ஊற்றைக் குடிநீருக்கு எடுக்காமல், துணி துவைக்கவும் தோட்டத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்வது என் யோசனை. அதை நீக்கும் கருவிகள் உண்டு என்றாலும், பராமரிப்பு ஒருமுறை தவறினால் யாருக்கும் தெரியாமலே உடல்நலம் கெடும்.

பணம் செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு. மழை பெய்த சில மணி நேரத்தில் நீர் கலங்கி, அளவும் சட்டென ஏறினால் மேற்பரப்பு நீர் நேராக உள்ளே வருகிறது. மழைக்குப் பல நாள் கழித்து மெதுவாக ஏறி, நிறம் மாறாமல் இருந்தால் மண் தன் வடிகட்டும் வேலையைச் செய்கிறது.

ஊற்றுக்கு மேலே உள்ள சரிவையும் நடந்து பாருங்கள். கழிப்பறைக் குழி, மாட்டுத் தொழுவம், உரம் போடும் வயல், குப்பைமேடு ஆகியவை மேலே இருக்கின்றனவா? குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் சரிவின் மேல்பக்கம் இருந்தால் அந்தத் தூரத்தை நான் நம்ப மாட்டேன், விரிசல் பாறையாக இருந்தால் சிறிதும் நம்ப மாட்டேன்.

தோண்டுவதற்கு முன் உரிமையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நிலம் உங்களுடையது என்பதால் அதில் எழும் நீர் முழுவதும் உங்களுடையது என்று எல்லா நாட்டுச் சட்டமும் சொல்வதில்லை. கீழே அந்த நீரை நம்பி இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது சட்டத்தைவிடப் பெரிய பாதுகாப்பு.

ஊற்றுக்கண்ணைத் திறப்பது

நிலத்தின் நீர் குறைந்திருக்கும் கோடையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கீழே முதலில் ஒரு வடிகால் வெட்டி, வரும் நீர் தடையின்றி ஓடிப்போக வழி செய்யுங்கள். வேலை முடியும்வரை நீர் ஒரு நிமிடம்கூடத் தேங்கி நிற்கக் கூடாது.

பிறகு கீழிருந்து மேல்பக்கமாக, சரிவுக்குள் மெதுவாகத் தோண்டிப் போங்கள். மேல்மண்ணையும் வேர்களையும் தளர்ந்த கற்களையும் கையாலேயே அகற்றுங்கள். நீர் வரும் இடம் குறுகிக்கொண்டே போய், இறுகிய அடுக்கின் மேல் ஒன்றிரண்டு கண்களாகத் தெளிவாகத் தெரியும்போது நிறுத்துங்கள். அடியில் தெரியும் களிமண்ணையோ பாறையையோ தொடாதீர்கள். அதுதான் நீரை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் தளம். அதில் ஓட்டை விழுந்தால் நீர் கீழே இறங்கிவிடும், திரும்ப மேலே கொண்டுவர வழியில்லை. வெடி வைப்பது பற்றி நினைக்கவே வேண்டாம். இயந்திரம் கொண்டு தோண்டுவதும் கண்ணுக்கு அருகில் ஆபத்துதான். கடைசி இரண்டு மூன்று அடி கடப்பாரையும் கையுமாகத்தான் போக வேண்டும்.

கண் தெரிந்ததும், நீர் வெளிவரும் இயற்கையான மட்டத்தை ஒரு முளையடித்துக் குறித்து வையுங்கள். இனி வரும் எல்லாக் கணக்கும் இந்த முளையிலிருந்துதான்.

ஊற்றுத் தொட்டி

தொட்டியின் வேலை நீரைச் சேமிப்பது அல்ல. நீரை வெளிச்சமும் அழுக்கும் படாமல் வாங்கிக் குழாயில் விடுவதுதான். அதனால் சிறியதாக இருக்கலாம். உள்ளே ஆள் குனிந்து கழுவ முடிகிற அளவு, ஒரு மீட்டர் நீளம் அகலம், வீட்டுத் தேவைக்குப் போதும். பெரிய கொள்ளளவு வேண்டுமென்றால் அதைக் கீழே, வீட்டருகே, வேறொரு தொட்டியாகக் கட்டுங்கள்.

மூன்று பக்கமும் நீர் கசியாத கான்கிரீட் சுவர். ஊற்றுப் பக்கச் சுவர் மட்டும் நீரை உள்ளே விட வேண்டும். அந்தப் பக்கம் சிமெண்ட் இல்லாமல் கல் அடுக்கலாம், அல்லது சுவரில் துளைகள் விடலாம். அதற்குப் பின்னால், கண்ணுக்கும் சுவருக்கும் இடையில், நன்றாகக் கழுவிய கூழாங்கல்லையும் ஜல்லியையும் நிரப்புங்கள். கண்ணை ஒட்டிப் பெரிய கல், அப்புறம் சிறியது. சுண்ணாம்புக் கல்லையோ மண் ஒட்டிய கல்லையோ போட வேண்டாம். கீழ்ப்பக்கச் சுவரின் அடி, இறுகிய தளத்துக்குள் சற்றுப் பதிந்து உட்கார வேண்டும், ஆனால் அதைத் துளைத்துக்கொண்டு போகக் கூடாது. நீர் சுவரைச் சுற்றி ஓடிவிடாமல் இருக்க, இரு ஓரத்திலும் இறக்கை போல் சுவரைச் சரிவுக்குள் நீட்டுங்கள். அங்கே மிதித்துக் குழைத்த களிமண்ணை அடைத்தால் இன்னும் நல்லது.

சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:3 என்ற விகிதத்தில், தண்ணீர் குறைவாகக் கலந்த கான்கிரீட் கசியாமல் நிற்கும். குறைந்தது ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். இந்த நாட்களில் ஊற்று நீர் முழுவதும் தற்காலிகக் குழாய் வழியாகத் தொட்டிக்கு வெளியே ஓட வேண்டும்.

இப்போது குழாய்கள், மூன்று. இவற்றின் உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள்.

முதலாவது வழிநீர்க் குழாய். தொட்டி நிறைந்தால் நீர் வெளியேறும் வழி இது. இதன் அடிவிளிம்பு நீங்கள் முளையடித்துக் குறித்த மட்டத்துக்குக் கண்டிப்பாகக் கீழே இருக்க வேண்டும், ஒரு சாண் கீழே இருந்தால் நிம்மதி. மேலே வைத்தால் தொட்டி நீர் ஊற்றுக்கண்ணை எதிர்த்துத் தள்ளும். ஒரே மழைக்காலத்தில் ஊற்று பக்கவாட்டில் வேறு வழி கண்டுகொள்ளும். மழைக்கால நீரும் தடையின்றிப் போகும் அளவுக்கு இது பெரிய குழாயாக இருக்கட்டும். வெளிமுனையில் துருப்பிடிக்காத வலை கட்டுங்கள்; தவளையும் எலியும் நுழைவது இந்த வழியாகத்தான். நீர் விழும் இடத்தில் கல் பாவி, தொட்டியின் அடித்தளத்தை அரிக்காமல் தள்ளிவிடுங்கள்.

இரண்டாவது, வீட்டுக்குப் போகும் குழாய். தளத்திலிருந்து சுமார் 10 செ.மீ. மேலே இருந்தால் அடியில் படியும் வண்டல் குழாய்க்குள் போகாது. உள்முனையில் சிறு துளைகள் இட்ட சல்லடை மாட்டுங்கள்.

மூன்றாவது, தளத்தோடு தளமாக ஒரு கழுவு குழாய், வால்வோடு. தளத்தை அதை நோக்கிச் சற்றுச் சாய்வாகப் பூசினால், ஆண்டுக்கொருமுறை வால்வைத் திறந்து துடைப்பத்தால் தள்ளினாலே தொட்டி சுத்தமாகிவிடும்.

மேல்மூடி கான்கிரீட். ஆள் இறங்கும் வாய் தரைமட்டத்திலிருந்து குறைந்தது 30 செ.மீ. உயர்ந்திருக்க, மூடியின் விளிம்பு வெளிப்பக்கம் கவிந்து மடங்கியிருக்க வேண்டும். பூட்டு போடுங்கள். ஜல்லி நிரப்பிய பகுதிக்கு மேலே கெட்டியான பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் ஓரடி கனத்துக்குக் களிமண் மிதித்து, அதற்கும் மேலே மண் போட்டுப் புல் வளர்க்கலாம். மரம் கூடாது, வேர் நீரைத் தேடி ஜல்லிக்குள் இறங்கிவிடும்.

தொட்டிக்கு மேல்பக்கம் எட்டு பத்து மீட்டர் தள்ளி, சரிவின் குறுக்கே ஒரு மழைநீர் வாய்க்கால் வெட்டி, மேலிருந்து ஓடிவரும் நீரை இரு பக்கமும் ஒதுக்கிவிடுங்கள். அதற்கும் வெளியே வேலி. மாடு ஆடு ஊற்றின் தலைமாட்டில் மேய்ந்தால் இவ்வளவு வேலையும் வீண்.

பரவலாகக் கசியும் ஊற்றுக்கு இந்த அமைப்பு அப்படியே பொருந்தாது. அங்கே கசிவின் குறுக்கே, இறுகிய தளம் வரை பள்ளம் வெட்டி, துளையிட்ட குழாயை ஜல்லிக்கு நடுவே படுக்க வைக்க வேண்டும். பள்ளத்தின் கீழ்ப்பக்கம் களிமண்ணாலோ கான்கிரீட்டாலோ தடுப்பு. இரு பக்கக் குழாய்களும் நடுவில் கூடி, ஒரே குழாயாகத் தொட்டிக்கு இறங்கும். மூட்டுகளில் மேல்நோக்கி ஒரு குழாய் வைத்து மூடி போட்டால், பின்னால் அடைப்பு வரும்போது கழுவ வசதி.

குழாயும் அழுத்தமும்

10 மீட்டர் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1 பார், அதாவது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் தரும். வீட்டில் தண்ணீர் பிடிக்கும் எல்லாத் திருகுகளும் மூடியிருக்கும்போது கீழ்முனையில் இருக்கும் அழுத்தத்தைக் குழாய் தாங்க வேண்டும். சதுர செ.மீ.க்கு 6 கிலோ தாங்கும் குழாய் என்றால் 60 மீட்டர் உயரம்தான் அதன் எல்லை. அதற்கு மேல் உயரம் இருந்தால், நடுவில் ஒரு சிறு திறந்த தொட்டி வைத்து அழுத்தத்தை உடைத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

குறுக்களவைக் குறைத்து மிச்சம் பிடிக்க நினைப்பது தவறான சிக்கனம். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடும்போது, உள்விட்டம் 25 மி.மீ. உள்ள வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாயில் 100 மீட்டருக்கு முக்கால் மீட்டர் உயரம்கூட இழப்பதில்லை. 20 மி.மீ. என்றால் இரண்டு மீட்டருக்கு மேல், 15 மி.மீ. என்றால் எட்டு மீட்டரைத் தாண்டிவிடும். தூரம் அதிகமாக, சரிவு குறைவாக இருக்கும் இடத்தில் இந்த வித்தியாசம்தான் தண்ணீர் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும்.

வழி மேடும் பள்ளமுமாக இருந்தால் ஒவ்வொரு மேட்டு முனையிலும் காற்று வெளியேறும் வால்வு, ஒவ்வொரு பள்ளத்திலும் கழுவு வால்வு வேண்டும். மேட்டில் சிக்கிய காற்று, அடைப்பு எதுவும் இல்லாமலே நீரை நிறுத்திவிடும். எந்த மேடும் ஊற்றுத் தொட்டியின் மட்டத்தைத் தாண்டக் கூடாது, சொல்லப்போனால் அதற்கு நன்றாகக் கீழேயே இருக்க வேண்டும். குழாயை இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், பனி உறையும் பகுதி என்றால் உறையும் ஆழத்துக்கும் கீழே. வெயில் படும் பிவிசி சில ஆண்டுகளில் நொறுங்கத் தொடங்கும்.

வீட்டருகே ஒன்றிரண்டு நாள் தேவைக்கான மூடிய சேமிப்புத் தொட்டி. மெலிந்த ஊற்றுக்கு இது இன்னும் அவசியம். தொட்டி நிறைந்தபின் மிதவை வால்வால் அடைக்க நேர்ந்தாலும் கவலை இல்லை. மேலே ஊற்றுத் தொட்டியின் வழிநீர்க் குழாய் மிச்சத்தை ஓடைக்கே அனுப்பிவிடும். அது ஓடைக்குப் போவதும் நல்லதே. அங்கே வாழும் உயிர்களுக்கும் பங்கு உண்டு.

வீடு மேலே, ஊற்று கீழே இருந்தால்

மின்மோட்டாருக்கு முன் நீர்த்தாக்குப் பம்பை யோசியுங்கள். ஓடும் நீர் சட்டென்று நிறுத்தப்படும்போது எழும் தாக்கத்தால் அந்த நீரில் ஒரு பகுதியை உயரத்துக்குத் தள்ளும் கருவி இது. தானே இயங்கும் வடிவத்தை பிரான்சில் ஜோசப் மோங்கோல்ஃபியே 1796இல் உருவாக்கினார். ஊற்றிலிருந்து பம்ப் வரை 2 மீட்டர் இறக்கம், பம்பிலிருந்து வீடு வரை 20 மீட்டர் ஏற்றம், நிமிடத்துக்கு 40 லிட்டர் நீர், 60 சதவீதத் திறன் என்று வைத்தால், மேலே நிமிடத்துக்கு 2.4 லிட்டர் போகும். நாளுக்கு 3,456 லிட்டர். மின்சாரமும் எரிபொருளும் தேவையில்லை. மீதி நீர் கீழே வழிந்தோடும் என்பதால் நிறைய நீர் வரும் ஊற்றுக்கு மட்டுமே இது ஏற்றது.

முதல் கிருமிநீக்கம்

கட்டி முடித்து, உள்ளே பூசிய சிமெண்ட் காய்ந்ததும் சுவர்களைத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு தொட்டியிலும் குழாயிலும் லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் இருக்கும்படி கலக்க வேண்டும். 33 சதவீதக் குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் என்றால் 1,000 லிட்டருக்குச் சுமார் 150 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். ஊற்று ஓடிக்கொண்டே இருப்பதால் தொட்டியில் கலந்த மருந்து வழிந்து போய்விடும். ஒரு பகல் முழுவதும் அவ்வப்போது ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். எல்லாத் திருகிலும் மருந்து வாடை வந்தபின் அடைத்து, 12 மணி நேரமாவது விட்டு, வாடை போகும்வரை திறந்து விடுங்கள். அந்த நீர் ஓடையில் கலக்கக் கூடாது, மீன்கள் சாகும். வெற்று நிலத்தில் பரவவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஆய்வகப் பரிசோதனை, ஈ.கோலி இல்லை என்று வந்த பின்பே குடிக்கத் தொடங்குங்கள். அதுவரை நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது ஆன பிறகே குடிக்க வேண்டும்.

பின்னர் பார்த்துக்கொள்ள வேண்டியவை

மழைக்கு முன் வாய்க்காலில் சேர்ந்த சருகை அள்ளுங்கள், வேலியைச் சரிபாருங்கள், வழிநீர் வலையைப் பாருங்கள். ஆண்டுக்கொருமுறை தொட்டியைக் கழுவி மருந்திடுங்கள், நீரைப் பரிசோதியுங்கள். திருகில் வருவது குறைந்தால் உடனே ஊற்றைக் குறை சொல்லாமல் வழிநீர்க் குழாயைப் பாருங்கள். அங்கே நீர் நன்றாக வழிந்தால் பழுது வீட்டுக் குழாயில்தான், அடைப்போ காற்றோ. அங்கும் இல்லை என்றால் தொட்டியைச் சுற்றி ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். சுவரைத் தாண்டிக் கசிவது உண்டு. இரண்டும் இல்லாமல் நீர் குறைந்திருந்தால் நிலத்துக்குள்ளேயே குறைந்திருக்கிறது.

அப்போது செய்யக்கூடியது ஊற்றுக்கு மேலே உள்ள சரிவில்தான் இருக்கிறது. சமமட்டக் கோட்டில் நீள்குழிகள் வெட்டி மழைநீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்கலாம், மொட்டைச் சரிவில் புல்லும் புதரும் திரும்ப வளரவிடலாம். சிக்கிமில் 2008இல் தொடங்கிய 'தாரா விகாஸ்' திட்டம் வற்றிவந்த மலை ஊற்றுகளுக்காக இந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாறை அடுக்குகள் சாய்ந்திருக்கும் திசையைப் பொறுத்து, உங்கள் ஊற்றுக்கு நீர் தரும் நிலம் மலையின் மறுபக்கத்தில்கூட இருக்கலாம். குழி வெட்டும் முன் நிலவியல் தெரிந்த ஒருவரிடம் அடுக்குகளின் சாய்வைக் காட்டிக் கேளுங்கள். செங்குத்தான, தளர்ந்த மண் உள்ள சரிவில் குழி வெட்டுவது மண்சரிவை அழைக்கும் என்பதால் அதையும் அவரிடமே உறுதி செய்துகொள்ளுங்கள். வாளி அளவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். குழிகள் பலன் தருகின்றனவா என்பது இரண்டு மூன்று கோடைகளின் கடைசி அளவுகளைப் பழைய அளவோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.